எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள்

உனக்கு அக்கா இல்லை என்று நீ டொக்டரிடம் சொன்னாய். வவுனியா நகரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில், உன் தங்கச்சி நீட்டிப் பிடித்திருந்த கைத்தொலைபேசிக்குள் இருந்து, கனடாக் காலையில் கோப்பி குடித்தபடி சொன்னாய். நான் எதிரே கதிரையில் இருந்தேன். அன்றைக்கு எனக்கு மறதி நோய் என்று எழுதினார்கள்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திறக்காமல் வைத்திருப்பாய். குரலில் அனுப்பினால் வேலையில் நிற்கிறேன், பிறகு கேட்கிறேன் என்பாய். அதனால் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன், மகன். யாருடைய பெயரையும் போடவில்லை. உன் பெயரும் இல்லை, அவள் பெயரும் இல்லை. உன் பயத்துக்காக அதை விட்டிருக்கிறேன். மல்லாவியிலிருந்து வவுனியாவுக்கு இருபது வருசத்துக்கு மேல் பஸ் ஓட்டிய ஒரு கிழவன் எழுதுகிறான் என்று மட்டும் வாசிக்கிறவர்கள் தெரிந்துகொண்டால் போதும்.

உன் அம்மா செத்தபோது நீ வரவில்லை. செத்த வீட்டையும் அந்தியேட்டியையும் வீடியோவில் பார்த்தாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. ஒரு டொக்டர் நித்திரைக் குளிசை தந்தார். அது பகலிலும் என்னை விடவில்லை. தேத்தண்ணி வைக்க அடுப்பை மூட்டிவிட்டு முற்றத்தில் போய் நின்றிருக்கிறேன். இடது காது ஷெல் விழுந்த நாளிலிருந்தே மந்தம், அது உனக்கும் தெரியும். இப்படி இருந்த நாட்களில் ஒருநாள் தங்கச்சியைப் பார்க்க வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். வழியில் ஓமந்தையில் இறங்கிவிட்டேன். பழைய சோதனைச் சாவடி இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. ரோட்டோரம் ஒரு கூல்பார் இருக்கிறது. அதன் வாசலில் பின்னேரம் வரை நின்றேன். கடைக்காரப் பெடியன் என் பையில் இருந்த நம்பருக்கு அடித்து, "உங்கட ஐயா இஞ்ச நிக்கிறார் அக்கா, எங்க போறது எண்டு தெரியாம நிக்கிறார் போல கிடக்கு" என்று தங்கச்சிக்குச் சொல்லிவிட்டான். அவள் அழுதுகொண்டு ஓட்டோவில் வந்தாள். நீ அன்றிரவே முடிவெடுத்தாய். அப்பா வழிதவறிப் போகத் தொடங்கிவிட்டார். டொக்டரிடம் காட்ட வேண்டும்.

அந்தப் பாதையில் ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும். நான் வழிதவறவில்லை. இறங்க வேண்டும் போல இருந்தது, இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், அந்தப் பதில் உனக்கு வேண்டாம் என்பதும் எனக்குத் தெரியும்.

கிளினிக்கில் பெரிய டொக்டர் தமிழ் கொஞ்சம் பேசுவார், மீதியை அங்கே நின்ற தாதி, மிஸி என்பார்கள், மொழிபெயர்த்தாள். நல்ல பிள்ளை, களைத்துப் போயிருந்தாள். "ஐயா, இண்டைக்கு என்ன கிழமை?" என்றாள். புதன் என்றேன். வியாழனாம். "இப்ப என்ன பருவம்?" என்றாள். காலபோகம் என்றேன், மழையை நம்பி நெல் விதைக்கிற காலம். அவள் சிரித்துவிட்டாள். "அப்பிடியில்லை ஐயா. வசந்தம், கோடை, இலையுதிர், அந்த மாதிரிச் சொல்லுங்கோ." "இஞ்ச எங்க பிள்ளை இலையுதிருது? மாடு திண்டாத்தான் உண்டு" என்றேன். டொக்டர் என்ன என்று கேட்டார். அவள் மொழிபெயர்க்கப் பார்த்து, முடியாமல் கையை விரித்தாள். மூன்று சொல் சொல்லி நினைவில் வைத்திருக்கச் சொன்னார்கள். சிறிது நேரம் கழித்துக் கேட்டபோது ஒன்றுதான் வந்தது, இரண்டை விட்டுவிட்டேன். அது உண்மை, அதை மறைக்கவில்லை. அதோடு நின்றிருந்தால் வயது, கவலை, குளிசை என்று ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவரும் பேனையை மூடப் போனார். அப்போதுதான் மிஸி கேட்டாள்.

"எத்தினை பிள்ளையள் ஐயா?"

"மூண்டு."

"ஆர் ஆர்?"

"மூத்தவள். பிறகு உந்தப் போனுக்குள்ள இருக்கிறவன். பிறகு இந்தா நிக்கிறவள்."

"மூத்தவா எங்க இருக்கிறா?"

"தெரியாது."

மிஸி அதைச் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் தன்னிடமிருந்த தாளைப் பார்த்தார். தங்கச்சி வாசலில் பதியும்போது இரண்டு பிள்ளைகள் என்று கொடுத்திருக்கிறாள், நீ அப்படித்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறாய். டொக்டர் போனைப் பார்த்து உன்னிடமே கேட்டார். நீ கோப்பியைக் கீழே வைத்தாய். "இல்லை டொக்டர், நாங்கள் ரெண்டு பேர்தான். அப்பா குழம்புறார்." இவ்வளவுதான் சொன்னாய். தங்கச்சி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டொக்டர் திரும்பவும் பேனையைத் திறந்து எழுதினார், இந்த முறை நெடுநேரம் எழுதினார். நான் வாயைத் திறந்தேன். மிஸி என் முழங்காலைத் தட்டி, "சரி ஐயா, சரி ஐயா, கோபப்படாதேங்கோ" என்றாள். கோபப்படுவதும் அந்த நோயில் சேர்த்தி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். வீட்டுக்கு ஓராள் தர வேண்டும் என்று இயக்கம் கேட்ட வருசம், எங்கள் வீட்டிலிருந்து உன் அக்காவைக் கொண்டுபோனார்கள். அவள் படித்துக்கொண்டிருந்தாள், போக விருப்பமில்லை, அம்மா ரோட்டில் விழுந்து கத்தினாள். அவள் போன கணக்கில் உன்னை விட்டார்கள். சண்டையின் கடைசி மாதங்களில் தலைமயிர் வெட்டின கோலத்தில் தப்பி வந்து எங்களோடு சேர்ந்தாள். ஐந்து பேரும் ஒன்றாகத்தான் ஓமந்தைக்கு வந்தோம். ஒலிபெருக்கியில் ஆமிக்காரர் சொன்னார்கள், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் இந்தப் பக்கம் வந்து பதியுங்கள், பதிந்துவிட்டு விடுவோம் என்று. அவள் போனாள். போகும்போது தன் பையை உன்னிடம் தந்து, "பிடிச்சுக்கொண்டு நில்லு, இப்ப வாறன்" என்றாள். உனக்கு அப்போது மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. நீ சின்னப்பிள்ளை இல்லை. பார்த்தாய். அவள் ஏறின பஸ்ஸின் பின்பக்கத்தை என்னோடு நின்று பார்த்தாய்.

பிறகு நீ வெளியே போக வேண்டி வந்தபோது ஏஜென்சிக்காரன் சொன்னான், இயக்கத்தில் இருந்த அக்கா என்று அகதி வழக்கில் போனால் சிக்கல், ஒரேயொரு தங்கச்சி என்று கொடு என்று. நானும் தலையாட்டினேன். அம்மாவும் தலையாட்டினாள். உயிரோடு இருக்கிற பிள்ளையைக் கரைசேர்க்க அந்த நேரம் எதையும் சொல்லியிருப்போம், நான் என்னை நல்லவனாகக் காட்ட வரவில்லை. கனடாவில் ஒரு மேசைக்கு முன்னால் ஒருநாள் சொல்லிவிட்டு எழும்பி வருகிற பேச்சு அது என்று நினைத்தேன். நீ அதற்குள் குடியிருக்கப் போய்விட்டாய். உன் மனுசிக்கு இரண்டு பேர் என்று சொன்னாய். உன் பிள்ளைகளுக்கு ஒரேயொரு மாமி. கடைசியில் அதே பேச்சு கடல் கடந்து திரும்பி வந்து, வவுனியாவில் என் மூளையைச் சோதிக்கிற கிளினிக்குக்குள் கதிரை போட்டு உட்கார்ந்தது.

அந்த நோயின் பெயர் வந்தபிறகு எனக்கு என்ன நடந்தது என்று நீ வீடியோவில் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து ஒளித்தார்கள். மல்லாவி வீட்டைப் பூட்டி என்னைத் தங்கச்சி வீட்டின் பின்னறையில் விட்டார்கள். வருகிறவர்கள் என் தலைக்கு மேலால் கதைத்தார்கள். "ஐயா சாப்பிட்டவரோ?" "ஐயாவுக்கு ஆக்களைத் தெரியுதோ?" நான் அங்கேயே இருக்கிறேன், வாயில் சோற்றோடு. என்னோடு பஸ்ஸில் கொண்டக்டராக நின்ற பழைய கூட்டாளி ஒருவன் மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தான். "டேய், இனி உன்னோடதான் காட்ஸில முந்நூற்றிநாலு விளையாட வேணும். தோத்ததை மறந்திட்டுத் திருப்பியும் வருவாய்." நான் சிரித்தேன். அந்த வருசம் முழுக்க என்னை மனிசனாக வைத்துச் சொல்லப்பட்ட பகிடி அது ஒன்றுதான். காணாமல் போனவர்களின் விபரம் எடுக்கிறோம் என்று ஒரு அலுவலகத்திலிருந்து ஒருவர் மல்லாவிக்கு வந்து, அங்கிருந்து என்னைத் தேடி வவுனியாவுக்கும் வந்தார். நான் தொடங்கினேன். ஓமந்தை, ஒலிபெருக்கி, பை. தங்கச்சியின் புருசன் வாசலில் நின்று மெதுவாக, "ஐயாவுக்கு மறதி வருத்தம், டொக்டர் எழுதியிருக்கிறார்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், வந்த மனுசனுக்கு வீண் கஷ்டம் வரக்கூடாது என்று. வந்தவர் தலையை ஆட்டி, எனக்கு உடம்பைப் பார்க்கச் சொல்லி, பையை மூடிக்கொண்டு எழும்பினார். எத்தனையோ வருசமாக எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் நம்பாமல் விட்டார்கள், தூக்கிப் போட்டார்கள், தொலைத்தார்கள். ஆனால் கேட்கவே தேவையில்லை என்று ஒருவன் எழும்பிப் போனது அன்றைக்குத்தான். அரசாங்கத்தால் முடியாமல் போனதை நீ ஒரு வசனத்தில் முடித்தாய்.

அடுத்த வருசம் அந்தக் கிளினிக்குக்கு வேறொரு டொக்டர் வந்தார். எங்கள் ஆள், சின்ன வயது. முதலில் காதைப் பார்த்தார். பிறகு இரத்தம் எடுத்து, ஏதோ விற்றமின் குறைவு என்று ஊசி போட்டார். நித்திரைக் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிற்பாட்டினார். சில மாதத்துக்குப் பிறகு திரும்பவும் அதே கேள்விகளைக் கேட்டார், வலது காதுப் பக்கம் கதிரையைப் போட்டுக்கொண்டு. கிழமை சரி. மூன்று சொல்லும் சரி. பருவத்தைக் கேட்கவில்லை, "வயல் இப்ப என்ன நிலையில நிக்குது ஐயா?" என்று கேட்டார், சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது. எத்தினை பிள்ளையள்? தங்கச்சி எனக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது, அந்த மந்தக் காதுக்கே கேட்டது.

ரெண்டு என்றேன், மகன்.

டொக்டர் பழைய எழுத்தைப் பார்த்துவிட்டுச் சந்தோசமாகத் தலை நிமிர்ந்தார். "நல்லாத் தெளிஞ்சிருக்கிறீங்கள் ஐயா" என்றார். உண்மையைச் சொன்ன நாளில் எனக்கு வருத்தம் என்று எழுதினார்கள், பொய் சொன்ன நாளில் சுகம் என்று எழுதினார்கள். மல்லாவி வீட்டுக்குத் திரும்ப வேண்டும், என் அடுப்பில் என் தேத்தண்ணியை வைக்க வேண்டும் என்பதற்காக அவளை விற்றேன். மல்லாவி வீட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு நாள் ஒன்றும் சாப்பிட முடியவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறித் தனியே போய் அந்தச் சின்ன டொக்டரைப் பார்த்து, நான் பொய் சொன்னனான் தம்பி, மூண்டு பிள்ளையள் என்று முழுக்கச் சொன்னேன். அவர் பழைய பேப்பரை எடுத்து முன்னால் வைத்தார். "நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன்" என்றார். "ஆனா எனக்கு முன்னால கிடக்கிற பேப்பரில மகன் வேற சொல்லியிருக்கிறார்." நான் கேட்டேன், அப்ப எனக்கு வருத்தம் இருக்கோ இல்லையோ? அவர் மறைக்காமல் சொன்னார். வயது போனவர்களுக்கு இந்த வருத்தத்தின் பெயரை ஒரு நாள் பார்த்துவிட்டு வாழ்நாளுக்கு ஒட்ட முடியாதாம். துக்கம், குளிசை, காது, விற்றமின் குறைவு எல்லாம் இதே முகத்தோடு வருமாம். சிலருக்கு ஒரு வருசத்தில் தெளிந்துவிடுமாம். தெளிந்தவர்களில் சிலருக்குப் பிறகு உண்மையிலேயே வருமாம். அதனால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், ஆளைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். "பாதி எங்கட சோதனை ஐயா. மற்றப் பாதி வீட்டு ஆக்கள் சொல்லுறதுதான். அவை பிழையாச் சொன்னா நாங்கள் பிழையாத்தான் எழுதுவம்."

அவர் சுகம் என்று எழுதினதை நீ ஏற்கவில்லை. "உந்தச் சின்ன டொக்டருக்கு என்ன தெரியும் அப்பா, முதல் பாத்தவர் ஸ்பெஷலிஸ்ட்" என்றாய். ஊரும் ஏற்கவில்லை. வருத்தம் என்ற சொல் மல்லாவிச் சந்தை முழுக்க ஒரே நாளில் போனது. இல்லை என்ற சொல்லை யாரும் காவிக்கொண்டு போகவில்லை. இன்றைக்கும் கடையில் மிச்சக்காசை என் கையில் தராமல் பக்கத்தில் நிற்கிறவரிடம் கொடுக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவதை நீ எனக்கு எதிராகப் பாவிப்பாய். பாவி. எனக்கு இப்போது உண்மையிலேயே ஏதோ நடக்கிறது. இந்த முறை குளிசை இல்லை, அம்மா செத்த புதுத்துக்கமும் இல்லை. போன மாதம் குசினியில் கையில் உப்புப் போத்தலோடு நின்றேன், அது என்னவென்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. அம்மாவின் பெயர் ஒருநாள் காலையில் வரவில்லை, மத்தியானம் போலத்தான் வந்தது. அக்காவின் குரல் எனக்கு வருவதே இல்லை. அவள் சொன்ன சொற்கள் இருக்கின்றன, அவை என் குரலில்தான் கேட்கின்றன. இது அந்த வருத்தமா, வயதா, திரும்பவும் வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. டொக்டர்மாருக்கே உறுதியாகத் தெரியாததை நான் எப்படிச் சொல்வது? பயமாக இருக்கிறது, அவ்வளவுதான் சொல்லத் தெரியும். சாவது பற்றிப் பயமில்லை. நாளைக்கு எனக்கு மூளை முழுக்கக் குழம்பிப்போய்ப் படுக்கையில் கிடந்து மூத்தவளைக் கூப்பிட்டால், பக்கத்தில் நிற்கிறவர்கள், பாவம், இல்லாத பிள்ளையைக் கூப்பிடுகிறார் என்று சொல்வார்கள். உன் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். என் மகள் என் வருத்தத்தின் குணங்குறியாகிப் போவாள். பிறகு நான் போய்விடுவேன், வருத்தமும் என்னோடு போய்விடும், அவளும் போய்விடுவாள். அம்மா இல்லை. தங்கச்சிக்கு அப்போது சின்ன வயது, பஸ் நினைவில்லை என்கிறாள். அன்றைக்கு அங்கே நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்களில் மிச்சம் நானும் நீயும்தான். என் நினைவை யாரும் நம்பத் தேவையில்லை என்று எழுதியாகிவிட்டது.

போன ஞாயிறு இதைத்தான் உன்னிடம் கேட்டேன். உனக்குக் குடியுரிமை கிடைத்துப் பல வருசம், இன்னும் என்ன பயம் என்று கேட்டேன். "உங்களுக்கு விளங்காது அப்பா. பொய் சொல்லி எடுத்ததெண்டு தெரிஞ்சா வழக்கைத் திரும்ப எடுப்பாங்கள். எனக்குப் பிள்ளையள் இருக்கு" என்றாய். எனக்கு விளங்குகிறது. எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். கனடா அரசாங்கத்துக்குப் போய்ச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. அது உன் வழக்கு, நீயே பார்த்துக்கொள். வவுனியாவில் ஒரு கிளினிக் அறைக்குள், கதவைச் சாத்திய பிறகு, ஒரு டொக்டருக்குச் சொல்லத்தான் கேட்டேன். நீ "லைன் கிளியரில்லை அப்பா" என்றாய். எனக்குக் கிளியராகக் கேட்டது. உனக்குப் பின்னால் உன் மகள் கார்ட்டூன் பார்த்துச் சிரிப்பதுகூடக் கேட்டது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நானும் ரெண்டு என்று சொன்னவன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், பயத்தில் சொன்ன பொய்யைப் பயம் போன பிறகும் வைத்திருக்காதே. அது சும்மா கிடக்காது, ஆளைத் தேடிப் பிடித்துத் தின்னும். என்னைத் தின்றுவிட்டது. நாளைக்கு உனக்கு வயது போய், உன் மகன் ஒரு கதிரையில் உன்னை இருத்தி, உன்னைப்பற்றி உன் தலைக்கு மேலால் பதில் சொல்லும்போதுதான் இது உனக்கு விளங்கும். அந்த நாள் உனக்கு வரக்கூடாது என்றுதான் விரும்புகிறேன், என்றாலும் வரும்.

வருகிற மாதம் மூன்றாம் தடவை பார்க்கப் போகிறார்கள். தலையைப் படம் எடுக்கவும் எழுதித் தந்திருக்கிறார்கள். முதல் டொக்டரும் இல்லை, சின்னவரும் இல்லை, அவருக்கு இடமாற்றம். புதிதாக ஒருவர். பழைய பேப்பர் இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு, எது சரி என்று வீட்டு ஆளிடம் கேட்பார். நீ போனில் இருப்பாய், தங்கச்சி பிடித்துக்கொண்டு நிற்பாள். இந்த முறை நான் மூன்று என்றும் சொல்லமாட்டேன், இரண்டு என்றும் சொல்லமாட்டேன். அந்தக் கேள்வி வந்ததும் வாயை மூடிக்கொண்டு, போனை டொக்டர் பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்வேன். எனக்கு வருத்தம் என்று எழுதட்டும், இல்லை என்று எழுதட்டும், அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர் உன்னைப் பார்த்துக் கேட்பார். லைன் வெட்டாதே. கமராவை மூடாதே. உங்கட அப்பாவுக்கு எத்தினை பிள்ளையள்?

சொல்லு, மகன்.